ஏழு எலும்புக்கூடுகளும் ஒரு முடியாத கதையும்

‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ படத்தைச் சின்ன வயதில் பார்த்த ஒருவரிடம், கதாநாயகன் பார்க்க எப்படி இருப்பான் என்று கேளுங்கள். தாடி இருந்ததா இல்லையா என்பதிலேயே தடுமாறுவார். மண்ணைப் பிளந்துகொண்டு எத்தனை எலும்புக்கூடுகள் எழுந்தன என்று கேளுங்கள். யோசிக்காமல் ஏழு என்பார். படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் இதைத்தான் அதன் பெருமையாகச் சொல்கிறார்கள். நொட்டை சொல்கிறவர்களும் இதையேதான் சுட்டுகிறார்கள். பொம்மை மட்டும் மனதில் நின்று மனிதன் நிற்காமல் போனால் அது என்ன சினிமா என்பது அவர்கள் கேள்வி.

கிரேக்கப் புராணத்து ஜேசன் தங்க ஆட்டுத்தோலைத் தேடி ‘ஆர்கோ’ என்ற கப்பலில் போகும் கதை இது. படம் 1963 ஜூனில் வெளியானது. கொலம்பியா நிறுவனத்தின் வெளியீடு, 104 நிமிடம். இயக்குநர் டான் சாஃபி, தயாரிப்பாளர் சார்லஸ் ஷ்னீர். ஆனால் யாரும் இதை டான் சாஃபி படம் என்று சொல்வதில்லை. பூதங்களையும் எலும்புக்கூடுகளையும் உருவாக்கி உயிர் கொடுத்த ரே ஹாரிஹவுசனின் படம் என்றே சொல்கிறார்கள். பெயர்ப் பட்டியலில் இயக்குநராக இல்லாத ஒருவரின் பேரில் ஒரு படம் அறுபது வருடமாக அழைக்கப்படுகிறது என்றால், பார்வையாளர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

1992-இல் அமெரிக்கத் திரைப்பட அகாடமி ஹாரிஹவுசனுக்கு வாழ்நாள் தொழில்நுட்பச் சாதனைக்காக கார்டன் சாயர் விருது கொடுத்தது. அந்த மேடையில் நடிகர் டாம் ஹாங்க்ஸ், உலகின் தலைசிறந்த படம் எது என்றால் சிலர் ‘காசாபிளாங்கா’ என்பார்கள், சிலர் ‘சிட்டிசன் கேன்’ என்பார்கள், நானோ ‘ஜேசன்’ என்பேன் என்ற பொருளில் பேசினார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். ஆனால் படம் வந்த ஆண்டுக்கான ஆஸ்கர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் சிறப்புக் காட்சிகளுக்கான பிரிவில் இரண்டே இரண்டு படங்கள்தான் இருக்கின்றன. ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ ஒன்று, எலிசபெத் டெய்லரின் ‘கிளியோபாட்ரா’ இன்னொன்று. பரிசு ‘கிளியோபாட்ரா’வுக்குப் போனது. ‘ஜேசன்’ பந்திக்கே கூப்பிடப்படவில்லை.

ஏன் கூப்பிடப்படவில்லை என்று புரிய, அன்றைய அமெரிக்கத் திரையரங்கின் வாசலில் ஒட்டியிருந்த மற்ற போஸ்டர்களைப் பார்க்க வேண்டும்.

1958-இல் இத்தாலியில் பியெத்ரோ ஃபிரான்சிஷி என்பவர் கிரேக்கப் புராணத்துப் பலசாலி ஹெர்குலிஸின் கதையைப் படமாக எடுத்தார். நாயகன் ஸ்டீவ் ரீவ்ஸ், 1947-இல் மிஸ்டர் அமெரிக்கா, 1950-இல் மிஸ்டர் யுனிவர்ஸ். நடிப்பு சுமார்தான். ஆனால் அந்தத் தோள்களுக்கு முன்னால் நடிப்பைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? ஜோசப் லெவின் என்ற அமெரிக்க விநியோகஸ்தர் சொற்பத் தொகைக்கு அந்தப் படத்தை வாங்கினார். வாங்கிய விலையைப் போலப் பல மடங்கை, பத்து லட்சம் டாலருக்கும் மேல், விளம்பரத்தில் கொட்டினார். 1959 கோடையில் ஒரே வீச்சில் சுமார் 600 திரையரங்குகளில் இறக்கினார். ஒரு ஊரில் ஓடி, பிறகு அடுத்த ஊர் என்று படங்கள் நகர்ந்த காலம் அது. வாய்ப்பேச்சு பரவி, படம் சுமார் என்று ஊருக்குத் தெரிவதற்குள் கல்லா நிரம்பிவிட்டது.

பிறகு சொல்லவா வேண்டும். ரோம் நகரத்து சினேசித்தா ஸ்டுடியோவில் ‘குவோ வாடிஸ்’, ‘பென்ஹர்’ போன்ற ஹாலிவுட் பிரம்மாண்டங்கள் படமாகியிருந்தன. தூண்கள், தேர்கள், கவசங்கள், வேலை தெரிந்த ஆட்கள் எல்லாம் அங்கே தயாராக இருந்தன. ஹெர்குலிஸ், சாம்சன், மசிஸ்தே, உர்சுஸ் என்று பலசாலிகளின் பேரில் ஏழெட்டு வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்து விழுந்தன. பிரெஞ்சு விமர்சகர்கள் இவற்றுக்கு ‘பெப்ளம்’ என்று பெயர் வைத்தார்கள். பண்டைய கிரேக்கப் பெண்களின் மேலாடையைக் குறிக்கும் சொல் அது. ஆங்கிலத்தில் இன்னும் கேலியாக, வாளும் செருப்பும் என்று சொன்னார்கள். நம் ஊரில் ‘ராஜா ராணி படம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோமே, அதே தொனிதான்.

இந்த வெள்ளத்தின் கடைசிப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டது ‘ஜேசன்’. கிரேக்கக் கதை, குட்டைப் பாவாடை கட்டிய ஆண்கள், கையில் கத்தி, கூட்டத்தில் ஹெர்குலிஸ் வேறு. 1963-இன் அமெரிக்கப் பார்வையாளன் போஸ்டரைப் பார்த்ததும், இன்னொன்றா என்று நடையைக் கட்டியிருப்பான். எதிர்பார்த்த அளவுக்குப் படம் அங்கே ஓடவில்லை. இத்தாலியப் படங்களின் வரிசையில் தன் படத்தையும் சேர்த்துவிட்டார்கள் என்பதே ஹாரிஹவுசன் சொன்ன காரணம். பிரிட்டனில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. செருப்புப் படம் என்று கேலி செய்தார்கள் அல்லவா? இந்தக் கதை தொடங்குவதே ஒரு செருப்பு தொலைவதில்தான். ஒற்றைச் செருப்போடு வருகிறவனால் உனக்கு அழிவு என்று அரசன் பீலியஸுக்குச் சோதிடம். ஆற்றில் மூழ்கப்போன அதே பீலியஸைக் காப்பாற்றும்போதுதான் ஜேசன் ஒரு செருப்பை ஆற்றோடு விடுகிறான்.

அலுப்பு தட்டிய கண்ணுக்கு இன்னொரு ஒற்றுமையும் உறுத்தியிருக்கும். குரல். இத்தாலியப் படங்களில் படப்பிடிப்பின்போது ஒலியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அமெரிக்கர் ஆங்கிலத்தில் பேசுவார், எதிரில் நிற்பவர் இத்தாலியனில் பதில் சொல்வார், எல்லாவற்றையும் பின்னால் டப்பிங்கில் ஒட்டிக்கொள்வார்கள். ஸ்டீவ் ரீவ்ஸின் குரலே ஆங்கிலப் பதிப்பில் இன்னொருவருடையது. வாயொன்று, வார்த்தையொன்று. ‘ஜேசன்’ அப்படி எடுக்கப்பட்ட படமல்ல. ஆனால் நாயகன் டாட் ஆம்ஸ்ட்ராங் அமெரிக்கர், சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் நாடக மேடையில் பழகியவர்கள். உச்சரிப்பு ஒட்டவில்லை என்று டிம் டர்னர் என்ற பிரிட்டிஷ் நடிகரை வைத்து நாயகனுக்குக் குரல் கொடுக்கவைத்தார்கள். நாயகி மெடியாவாக வந்த நான்சி கோவாக்கின் குரலும் அவருடையதல்ல. ஆக நாயகன், நாயகி இருவரும் இரவல் குரலில் காதலிக்கிறார்கள். ஜேசன் மரக்கட்டை மாதிரி இருக்கிறான் என்று சொல்லாத பார்வையாளர் குறைவு. அந்தப் பழியில் பாதியையாவது டப்பிங் அறைக்குக் கொடுக்க வேண்டும் என்பேன். முகம் ஒருவருடையதும் மூச்சு இன்னொருவருடையதுமாக இருக்கும்போது எந்த நடிகன் உயிரோடு தெரிவான்? டப்பிங் படம் பார்த்தே வளர்ந்த நமக்கு இது பழகிய சங்கடம். (நான்சி கோவாக் பிற்பாடு, 1969-இல், மும்பையில் பிறந்த இசை நடத்துநர் ஜூபின் மேத்தாவை மணந்தார். படத்துக்குச் சம்பந்தமில்லாத தகவல்தான். தெரிந்தபின் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

மீதிப் பாதிப் பழி எங்கே போகிறது? அதற்கு இந்தப் படம் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். வழக்கமாகக் கதை எழுதுவார்கள், அதில் பூதம் வரும் இடத்தில் பூதம் செய்பவரைக் கூப்பிடுவார்கள். ஹாரிஹவுசன் வேலை செய்த முறை தலைகீழ். அவர் முதலில் பெரிய பெரிய ஓவியங்களாக முக்கியக் காட்சிகளை வரைவார். விரிகுடாவின் மேல் காலை அகட்டி நிற்கும் வெண்கல அரக்கன், கோயில் இடிபாட்டில் சிறகடிக்கும் பெண் பிசாசுகள், ஏழு தலைப் பாம்பு. பிறகு எழுத்தாளர்கள் வந்து அந்த ஓவியங்களுக்கு நடுவே நடைபாதை போடுவார்கள். ஜான் ரீட், பெவர்லி கிராஸ் இருவரும் இதில் செய்தது அந்தப் பாதை போடும் வேலைதான். எனவே ஒரு தீவு, ஒரு ஆபத்து, மறுபடி கப்பல், மறுபடி ஒரு தீவு என்று படம் துண்டு துண்டாக இருக்கிறது என்னும் குற்றச்சாட்டு முழுக்க உண்மை. நடுவில் வரும் மனிதர்கள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நம்மை ஏற்றிச்செல்லும் படகோட்டிகள் மாதிரி. படகோட்டியின் முகத்தை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

சரி, அந்த அரக்கர்கள் நடிகர்களோடு ஒரே சட்டகத்தில் எப்படி நின்றார்கள்? ‘டைனமேஷன்’ என்று விளம்பரப் பெயர் வைத்தார்கள். வேலை என்னவோ இதுதான். முதலில் நடிகர்களை மட்டும் வைத்துக் காட்சியைப் படம்பிடிப்பார்கள். பிறகு அந்தப் பிலிமை ஒவ்வொரு பிரேமாக ஒரு சின்னத் திரையில் பின்பக்கமிருந்து விழச்செய்வார்கள். திரைக்கு முன்னால் ஒரு மேசை. மேசைமேல் உள்ளே எலும்புபோல் உலோக மூட்டுகள் வைத்துச் செய்த ஒரு சாண், ஒன்றரைச் சாண் பொம்மை. பொம்மைக்கு முன்னால் ஒரு கண்ணாடி. அதில் தரை, பாறை போல நமக்கு அருகில் தெரியவேண்டிய பகுதியைக் கறுப்பு மையால் மறைத்துவிடுவார். பொம்மையை ஒரு நூல் அளவு நகர்த்து, ஒரு பிரேம் எடு. பின்திரையில் அடுத்த பிரேமை மாற்று, பொம்மையை மறுபடி நகர்த்து, மறுபடி எடு. முடிந்ததும் பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, முன்பு மறைத்த பகுதியை மட்டும் பதிவாக்கினால், அரக்கன் பாறைக்குப் பின்னால் நடிகர்களுக்கு நடுவே நிற்பான். மாபெரும் செட்டும் வேண்டாம், பெரிய கூட்டமும் வேண்டாம். ஒரு அறையும் ஒரு மனிதரும் அளவில்லாத பொறுமையும் போதும். இந்தப் படத்தின் பொம்மை அசைவு முழுவதையும் ஹாரிஹவுசன் ஒற்றை ஆளாகத்தான் செய்தார். உள்ளே இருந்த உலோக மூட்டுகளைக் கடைந்துகொடுத்தவர் அவர் அப்பா.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. பின்திரையில் விழும் படம் ஏற்கெனவே எடுத்த படத்தின் படம். அதனால் நிறம் சற்று மங்கும், புள்ளி புள்ளியாகப் பிசிறு தெரியும். இதைக் கவனித்த ரசிகர்கள் ஒரு சூத்திரமே வைத்திருக்கிறார்கள். திரை திடீரென மங்கினால் ஏதோ பூதம் வரப்போகிறது என்று அர்த்தம். கேலிதான். ஆனால் அன்பான கேலி. பழைய விட்டலாச்சார்யா படங்களில் புகை கிளம்பினால் நாம் நிமிர்ந்து உட்கார்வோமே, அந்த மாதிரி.

இன்னொரு விலைதான் இன்றைய இளம் பார்வையாளர்களின் முதல் புகார். அசைவு வெட்டி வெட்டி வருகிறது என்கிறார்கள். சாதாரணமாக ஓடுகிற மனிதனைப் படம்பிடித்தால் ஒவ்வொரு பிரேமிலும் அவன் கை கொஞ்சம் கலங்கித்தான் பதிவாகும். நம் கண் அந்தக் கலங்கலைத்தான் வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. பொம்மையோ ஒவ்வொரு பிரேமிலும் ஆடாமல் அசையாமல் நிற்கும்போது படமாகிறது. எல்லாப் பிரேமும் கத்தி முனை மாதிரித் தெளிவு. வரிசையாக ஓட்டும்போது அந்தத் தெளிவே துடிப்பாக மாறிவிடுகிறது. கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் கலங்கலைக் கணக்குப்போட்டுச் சேர்த்துவிடுவதால், அதிலேயே வளர்ந்த கண்ணுக்கு இது விக்கல் மாதிரித் தெரியும். தப்பில்லை.

ஆனால் அதே கண்ணை ஒரு நிமிடம் வெண்கல அரக்கன் டேலோஸ் மீது நிறுத்தச் சொல்வேன். தீவிலிருந்து உணவும் தண்ணீரும் தவிர எதையும் எடுக்காதீர்கள் என்பது ஹேரா தேவியின் எச்சரிக்கை. ஹெர்குலிஸ் கேட்பானா? ஒரு பீடத்துக்குள் குவிந்திருக்கும் பொக்கிஷத்திலிருந்து ஈட்டி நீள ஊசி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். பீடத்தின் மேல் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் சிலையின் தலை, வறண்ட கீல் முனகுகிற சத்தத்தோடு, மெல்லத் திரும்பி அவனைப் பார்க்கிறது. படத்தில் எனக்குப் பிடித்த இடம் எலும்புக்கூடு சண்டையல்ல, இதுதான். வழக்கமாக அசைவில் மென்மைக்காக உயிரை விடுகிற ஹாரிஹவுசன், இங்கே வேண்டுமென்றே விறைப்பாக நகர்த்தினார். வெண்கலம் எப்படி நடக்கும்? அப்படித்தான் நடக்கும். விக்கல் விக்கலாக இருக்கிறது என்று இந்தக் காட்சியைக் குறை சொல்கிறவர்கள் உள்ளபடி அதைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதே காரணத்தால்தான் எலும்புக்கூடும் பழசாகவில்லை. எலும்புக்குத் தசை இல்லை, அதற்கு நெளிவும் தெரியாது. தசையும் தோலும் கொண்ட ஏழு தலைப் பாம்பையும் சிறகடிக்கும் ஹார்ப்பிகள் என்ற பெண் பிசாசுகளையும் இன்று பார்க்கும்போது கைவேலை துருத்திக்கொண்டு தெரிகிறது. எலும்பிலும் உலோகத்திலும் தெரிவதில்லை. கருவியின் குறையும் பாத்திரத்தின் குணமும் ஒன்றாகிப்போன இடங்கள் அவை.

டேலோஸ் செத்துப்போவதைச் சொல்லாமல் விட முடியாது. குதிகாலில் இருக்கும் மூடியை ஜேசன் திருகித் திறக்க, உயிர்த்திரவம் கொதித்துக்கொண்டு வெளியேறுகிறது. அரக்கன் மூச்சு முட்டியவனைப்போல் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறான். உடம்பெல்லாம் விரிசல் ஓடுகிறது. கைதேர்ந்த நடிகர்கள் பலர் மாறாத முகத்தோடு நிற்கும் இந்தப் படத்தில், முகமே அசையாத ஒரு பொம்மைக்காகத்தான் பார்ப்பவர்கள் இரக்கப்படுகிறார்கள்.

இனி எலும்புக்கூடுகள். மூன்று மனிதர்கள், ஏழு எலும்புக்கூடுகள். படப்பிடிப்பில் முதலில் சண்டைக்காரர்கள் எலும்புக்கூடுகளின் இடத்தில் நின்று நடிகர்களோடு திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள். படம்பிடிக்கும் நேரத்தில் அவர்கள் விலகிவிட, நடிகர்கள் வெறும் காற்றோடு கத்தி வீசினார்கள். எதிரில் ஆளில்லாதபோது கத்தியை வீசுவது பெரிதல்ல, பாதி வீச்சில், எதிரியின் கத்தி இருந்திருக்க வேண்டிய இடத்தில், மோதியதுபோல நிறுத்துவதுதான் வித்தை. பிறகு அந்தப் பிலிம் ஹாரிஹவுசனின் மேசைக்கு வந்தது. ஒரு எலும்புக்கூட்டுக்குத் தலை, இரண்டு கை, இரண்டு கால் என்று ஐந்து உறுப்புகள். ஏழுக்கும் சேர்த்து 35 அசைவுகள், ஒவ்வொரு பிரேமுக்கும். சில நாட்களில் நாள் முழுக்க உழைத்து 13 பிரேம்தான் தேறியது. ஒரு வினாடிக்கு 24 பிரேம். அதாவது காலையிலிருந்து மாலைவரை நின்றதற்குக் கூலி அரை வினாடி. சில நிமிடமே ஓடும் அந்தச் சண்டைக்கு நாலரை மாதம் ஆனது.

முதலில் அவர் மனதில் இருந்தது எலும்புக்கூடு அல்ல, அழுகிய பிணங்கள். பிணங்களைக் காட்டினால் பெரியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்திவிடுவார்கள், பிள்ளைகள் வராமல் போய்விடுவார்கள். எனவே சதையைக் கழித்துவிட்டார். தணிக்கைக்குப் பயந்து எடுத்த முடிவுகள் பெரும்பாலும் படத்தைக் கெடுத்த கதையாகத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே உல்டா.

புராணம் படித்தவர்களின் கணக்கு வேறு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அப்போலோனியஸ் என்ற கவி நான்கு காண்டங்களில் பாடிய காவியம்தான் இந்தக் கதையின் முழு வடிவமாக நமக்குக் கிடைத்திருப்பது. அதை வைத்துப் பார்த்தால் படம் இஷ்டத்துக்கு விளையாடியிருக்கிறது. காவியத்தில் டேலோஸ் வருவது திரும்பும் வழியில், கிரீட் தீவில். அவனை வீழ்த்துவது ஜேசன் அல்ல, மெடியாவின் மந்திரம். தங்க ஆட்டுத்தோலைக் காப்பது ஒரு பெரும் பாம்பு. படத்தில் வரும் பல தலைப் பாம்பான ஹைட்ரா, ஹெர்குலிஸ் கதையிலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. விதைத்த பற்களிலிருந்து காவியத்தில் முளைப்பவர்கள் எலும்புக்கூடுகள் அல்ல, சதையும் கவசமும் கொண்ட போர்வீரர்கள். அவர்கள் நடுவில் ஜேசன் ஒரு பாறையைத் தூக்கிப் போட, குழம்பிப்போய் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். ஒன்றோடொன்று மோதும் பாறைகளுக்கு நடுவே கப்பலை ஒரு கையால் தள்ளிவிடுவது அதீனா தேவி. படத்திலோ கடலிலிருந்து கடல்தேவன் ட்ரைட்டன் எழுந்து பாறைகளைத் தாங்கிப் பிடிக்கிறான். (அது பொம்மையல்ல, வேடமிட்ட மனிதர். தண்ணீரைப் பிரேம் பிரேமாக நகர்த்த யாராலும் முடியாது. எனவே வேகக் கேமராவில் எடுத்து அசைவை மெதுவாக்கினார்கள்.)

எனக்கு இந்த மாற்றங்கள் எதுவும் உறுத்தவில்லை, ஒன்றைத் தவிர. மெடியா. காவியத்தில் ஜேசன் பெரும்பாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவன், காரியத்தை நடத்துகிறவள் அவள்தான். காதலுக்கும் தகப்பனுக்கும் நடுவே அவள் தூக்கமில்லாமல் தவிக்கும் இரவு அப்போலோனியஸின் உச்சம். படத்தில் மெடியா பாதிக் கதைக்கு மேல் கடந்தபின் வருகிறாள், ஒரு நடனம் ஆடுகிறாள், காதலிக்கிறாள், அம்பு பட்டு விழுகிறாள், பிழைக்கிறாள். மந்திரக்காரியின் வேலையையெல்லாம் மேசையிலிருந்த பொம்மைகள் பறித்துக்கொண்டன. துண்டு துண்டாக இருக்கிறது என்ற புகாருக்கு மட்டும் காவியத்தையே பதிலாகக் காட்டலாம். அப்போலோனியஸும் தீவு தீவாகத்தான் போகிறார்.

மனிதர்களில் தேறியவர் ஒருவர் உண்டு. ஹெர்குலிஸாக வரும் நைஜல் கிரீன். ஸ்டீவ் ரீவ்ஸைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றம். எண்ணெய் பூசிய மார்பு இல்லை, செதுக்கிய இடுப்பு இல்லை. தாடியும் நடுவயதும் வாய்ச்சவடாலுமாக ஊர்ப் பெரிய மல்லன் ஒருவர் வந்து நிற்கிறார். வட்டு எறியும் போட்டியில் இளைஞன் ஹைலஸ், பலத்தால் முடியாததைத் தந்திரத்தால் செய்து, வட்டைத் தண்ணீரில் தத்தவைத்துப் பாறைக்கு அனுப்பித் தன்னை ஜெயித்ததும் ஹெர்குலிஸ் வாய்விட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பால்தான் பின்னால் டேலோஸின் உடலுக்கடியில் ஹைலஸ் நசுங்கியதும், நண்பனைத் தேடாமல் வரமாட்டேன் என்று ஹெர்குலிஸ் தீவிலேயே தங்கிவிடுவது வலிக்கிறது. பாதிப் படத்தில் அவர் போனபின் கப்பல் கொஞ்சம் காலியாகத்தான் இருக்கிறது.

பெர்னார்ட் ஹெர்மனின் இசை பற்றி இரண்டு கருத்து கிடையாது, எனவே சுருக்கம். வயலின் குடும்பத்தை அடியோடு விலக்கிவிட்டு, ஊதுகருவிகளையும் தாளங்களையும் முன்னால் வைத்து ஒரு படை திரட்டியிருக்கிறார். ஹாரிஹவுசனோடு அவர் சேர்ந்த நான்காவது படம், கடைசிப் படமும் இதுதான். லொகேஷன் பற்றியும் இரண்டு கருத்து கிடையாது. ஹார்ப்பிகள் குருடன் ஃபினியஸைத் துன்புறுத்தும் இடிபாடு செட் அல்ல. தென் இத்தாலியின் பேஸ்டமில் கிரேக்கக் குடியேறிகள் 2,400 ஆண்டுகளுக்கும் முன்பு கட்டிய நிஜக் கோயில். கடற்கரைக் காட்சிகள் பலவும் பக்கத்தில் பலினூரோவில் எடுத்தவை. அங்கே ஒருநாள் ஆர்கோ கப்பலுக்காகக் கேமரா காத்திருக்க, முனையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றதோ பதினாறாம் நூற்றாண்டுக் கப்பல். கடலோடி டிரேக்கைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகக் கட்டியது, பக்கத்தில் படமாகிக்கொண்டிருந்தது. நூற்றாண்டு மாறி வந்துவிட்டாய், போ என்று தயாரிப்பாளர் கத்தினாராம்.

முடிவைப் பற்றிய சண்டைதான் இன்னும் ஓயாதது. ஜேசன் குன்றிலிருந்து கடலில் குதிக்கிறான், எலும்புக்கூடுகளும் பின்னால் குதித்து மூழ்குகின்றன. ஏற்கெனவே செத்தவர்களை எப்படிக் கொல்வது என்ற ஹாரிஹவுசனின் தலைவலிக்குக் கடல்தான் மருந்தானது. ஜேசன் நீந்திக் கப்பலேறி மெடியாவை அணைக்கிறான். படம் முடிந்தது. ஜேசனின் தகப்பனைக் கொன்று அரியணையைப் பறித்த பீலியஸ் என்ன ஆனான்? எதற்காக அந்தத் தோலைத் தேடிப் போனார்கள்? பதில் இல்லை. ஒலிம்பஸ் மலையில் தேவர்களின் அரசன் ஜீயஸ், ஜேசனோடு இன்னும் கணக்கு முடியவில்லை, ஆட்டத்தை வேறொரு நாள் தொடரலாம் என்று சொல்வதோடு சரி. காசு கொடுத்தவனுக்குப் பாதிக் கதையா என்று கோபப்படுவோர் உண்டு. நியாயமான கோபம்தான். ஆனால் முழுக் கதை என்ன என்று தெரிந்தவர்கள் அடக்கி வாசிக்கிறார்கள். மெடியா, பீலியஸின் மகள்களையே ஏமாற்றி அவனைத் துண்டு துண்டாக வெட்டி அண்டாவில் வேகவைக்கச் செய்கிறாள். பிறகு ஜேசன் இன்னொருத்தியை மணக்கப்போக, கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடீஸின் நாடகத்தில், தான் பெற்ற பிள்ளைகளையே கொல்கிறாள். பிணத்தைக் காட்டவே தயங்கியவர்கள் இதைக் காட்டியிருப்பார்களா?

அந்த ஒலிம்பஸ் காட்சிகளை நான் முதலில் இடைவேளைத் தீனி மாதிரித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை பார்க்கும்போது வேறு ஏதோ தட்டுப்பட்டது. தேவர்கள் ஒரு பலகையைச் சுற்றி நிற்கிறார்கள். பலகைமேல் மனிதர்களின் சின்னச் சின்னப் பொம்மைகள். ஒரு கை வருகிறது, ஒரு பொம்மையை எடுத்துக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறது, கீழே ஒருவன் விதி மாறுகிறது. ஹாரிஹவுசன் இதைத் தன்னைப் பற்றிச் சொல்ல வைத்தாரா என்பதல்ல விஷயம். ஆனால் படத்தைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் அந்தக் கையைப் பற்றித்தான். நடிகர்கள் காற்றைப் பார்த்து விறைத்து நின்றதும், கதை தீவு தீவாக உடைந்ததும், மெடியா சுருங்கியதும் அந்தக் கைக்கு இடம்விட்டதால். டேலோஸ் தலை திரும்பியதும் அதே கையால்.

சாம் ரெய்மியின் ‘ஆர்மி ஆஃப் டார்க்னெஸ்’ படத்து எலும்புக்கூட்டுப் படை எங்கிருந்து புறப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. பிக்ஸாரின் ‘மான்ஸ்டர்ஸ் இங்க்’ படத்தில் பூதங்கள் சாப்பிடப்போகும் ஓட்டலுக்கு ஹாரிஹவுசன்ஸ் என்று பெயர். இந்தப் படத்தின் தற்போதைய பார்வையாளர்கள் பலர் அந்த ஓட்டல் பலகை வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். வந்தவர்கள் சண்டைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். 1963-இன் திரையரங்கில் அதற்கு வழியே இல்லை. நிறுத்திப் பார்க்கும்போதுதான் அது பழைய நிலைக்கே திரும்புகிறது, மேசைமேல் நின்ற பொம்மையின் ஒற்றைப் புகைப்படமாக.

அப்படிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிடுகிறேன். அந்த ஏழில் ஆறுதான் இந்தப் படத்துக்காகச் செய்தவை. ஏழாவது, 1958-இல் வந்த ஹாரிஹவுசனின் சிந்துபாத் படத்தில் ஒற்றையாக வாள் வீசிய பழைய எலும்புக்கூடு. மற்ற ஆறோடு பொருந்தட்டும் என்று மேலே கொஞ்சம் சாயம் பூசி வரிசையில் நிறுத்திவிட்டார். எது என்று நானும் பலமுறை நிறுத்திப் பார்த்துவிட்டேன், இதுவரை பிடிபடவில்லை.